தொட்டால் ஷாக் அடிக்கும் மடிக்கணினி: இரண்டு பின் சார்ஜரைப் பற்றிய ஒரு மதிப்புரை

இந்த மடிக்கணினியின் திரையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பேட்டரி நிற்கும் நேரத்தைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். அவற்றில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜரைச் செருகிக்கொண்டு வேலை செய்யும்போது இதைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே இந்த மதிப்புரை பேசுகிறது. அலுமினிய உடலும் இரண்டு பின் சார்ஜரும் கொண்ட மெல்லிய மடிக்கணினிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. இங்கே சொல்லப்படுபவை அந்த அமைப்புள்ள பெரும்பாலான கணினிகளுக்குப் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் அந்த உணர்வு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ஷாக்' என்று பொதுவாகச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. விரல் நுனியால் மூடியின் மேற்புறத்தை மெல்லத் தடவினால், வழவழப்பாக இருக்க வேண்டிய உலோகம் விர்ரென்று அதிர்வதைப் போலவும், அதன் மேல் மெல்லிய சொரசொரப்பு படிந்திருப்பதைப் போலவும் தோன்றுகிறது. விரலை நகர்த்தாமல் அழுத்தி வைத்தால் அந்த அதிர்வு மறைந்துவிடுகிறது. ஆனால் தட்டச்சு செய்யும்போது முன்கையின் உட்புறம் விளிம்பில் உரசினாலோ, கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டை கணினியின் உடலில் பட்டாலோ, யுஎஸ்பி துளையின் ஓரத்தை விரல் தொட்டாலோ, எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்கிறது. செருப்பில்லாமல் வெறுங்காலைத் தரையில் ஊன்றியிருக்கும்போது இது கூடுகிறது. காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. சார்ஜரைப் பிடுங்கிய கணத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது.

மேற்சொன்ன அதிர்வும் சுருக்கென்ற உணர்வும் ஒரே மின்கசிவின் இரண்டு முகங்கள். அலுமினியத்தின் மேல் ஏற்றப்படும் ஆக்சைடு பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மேல்தோலின் உலர்ந்த அடுக்கும் எளிதில் கடத்தாது. இவற்றுக்கு அந்தப் பக்கம் உலோகமும் இந்தப் பக்கம் உயிருள்ள தசையும் இருப்பதால், மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் தோல் உலோகத்தை நோக்கி மிக மெல்லிய விசையோடு இழுக்கப்பட்டு விடுபடுகிறது. நகரும் விரலுக்கு அது உராய்வின் ஏற்ற இறக்கமாகத் தெரிகிறது. எட்வர்ட் மாலின்க்ராட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1953-ல் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கினார்கள்; விளக்கு எரியும்போது அதன் பித்தளைத் தாங்கி, அணைந்திருக்கும்போது இருந்த அளவுக்கு வழவழப்பாக இல்லை என்று தற்செயலாகக் கவனித்ததில்தான் அந்த ஆய்வு தொடங்கியது. பூச்சு இல்லாத திருகாணி, தேய்ந்த விளிம்பு, யுஎஸ்பி துளையின் உலோகக் கூடு ஆகிய இடங்களில் மட்டும் மின்னோட்டம் நேரடியாகத் தோலுக்குள் இறங்குகிறது. தொடும் பரப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூர்மையாக அது உறுத்துகிறது.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கணினிக்குள் இல்லை, சார்ஜருக்குள் இருக்கிறது. இக்காலத்துச் சார்ஜர்கள் வீட்டு மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டித்தான் குறைந்த மின்னழுத்தமாக மாற்றுகின்றன. இந்த வேகமான வெட்டல் ஒரு மின்காந்த இரைச்சலைக் கிளப்புகிறது. அந்த இரைச்சல் வெளியே பரவி வானொலி அலைகளைக் கெடுக்காமல் இருப்பதற்காக, வீட்டு மின்சாரம் புழங்கும் பக்கத்துக்கும் கணினிக்குச் செல்லும் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறிய கெப்பாசிட்டரைப் பாலமாக வைக்கிறார்கள். ஒய் கெப்பாசிட்டர் என்று அதற்குப் பெயர். இரைச்சலுக்கு வழிவிடும் அதே பாலம், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் துளித்துளியாகக் கசியவிடுகிறது. சார்ஜரின் எதிர்முனை கணினியின் உலோக உடலோடு இணைந்திருப்பதால், எர்த் கம்பி இல்லாத இடத்தில் அந்தக் கசிவுக்குப் போக்கிடம் கிடைப்பதில்லை; நாம் தொடும்போது நம் உடல்தான் அதற்கு வழியாகிறது.

கசிவின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் பெருமளவு குறையும். 2.2 நானோஃபாரட் என்பது இத்தகைய சார்ஜர்களின் ஒய் கெப்பாசிட்டருக்குச் சாதாரணமாகக் காணப்படும் அளவு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முழுதும் அதன் குறுக்கே விழுந்தாலும், கடந்து செல்லக்கூடிய மின்னோட்டம் 0.16 மில்லிஆம்பியர் அளவே இருக்கும். எர்த் இணைப்பை நம்பாத இரண்டாம் வகுப்புச் சாதனங்களுக்கு, ஐஇசி 60950-1 என்னும் பன்னாட்டுத் தரநிலை 0.25 மில்லிஆம்பியரை உச்சவரம்பாக வைத்திருந்தது. மனித உடலில் மாறுமின்னோட்டத்தின் விளைவுகளைக் கூறும் ஐஇசி 60479 தொகுதியின்படி பொதுவாக உணர்வு தொடங்கும் அளவு ஏறத்தாழ 0.5 மில்லிஆம்பியர் (சிறு புள்ளியில் தொட்டால் அதற்குக் குறைவானதும் உறுத்தும்), பிடித்த பிடியை விட முடியாமல் தசை இறுகும் நிலைக்கு ஐந்து முதல் பத்து மில்லிஆம்பியர் வரை வேண்டும். ஆகவே ஒழுங்காகச் செய்யப்பட்ட சார்ஜரிலிருந்து வரும் இந்தச் சுருக்கென்ற உணர்வு உயிருக்கு ஆபத்தானதல்ல. தரநிலையைத் தாண்டாத ஒன்று மணிக்கட்டை நாள் முழுதும் உறுத்தாது என்று தரநிலை எங்கும் உறுதி சொல்லவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சார்ஜரோடு இருக்கும்போது கணினியின் திருகாணிக்கும் நல்ல எர்த் உள்ள சாக்கெட்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால், அது நூறு வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறது. இதைக் கண்டு பதறுபவர்கள் அதிகம். டெஸ்டரை வைத்தவுடன் விளக்கு எரிந்ததும் 'ஃபேஸ் இறங்கிவிட்டது' என்று தீர்ப்பு சொல்லும் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. மீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம் என்பதால்தான் அந்த எண் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 லட்சம் ஓம் தடையைப் போல நிற்கிறது. சில ஆயிரம் ஓம் தடையுள்ள மனித உடல் குறுக்கே வந்தவுடன் அந்த நூறு வோல்ட் ஒரு வோல்ட்டுக்கும் கீழே சரிந்துவிடுகிறது. உண்மையைச் சொல்லும் அளவீடு மின்னோட்டம்தான். மீட்டரைச் சரியான துளைக்கு மாற்றி, மாறுமின்னோட்ட மில்லிஆம்பியர் நிலையில் வைத்து அளந்தபோது 0.1-ஐச் சற்றே தாண்டியது. தரநிலையின் வரம்புக்குள் இது வசதியாகவே அடங்குகிறது. மீட்டர் பழக்கமில்லாதவர்கள் இந்த இரண்டாவது அளவீட்டைச் செய்யப் புக வேண்டாம். கம்பியைத் தவறான துளையில் வைத்தால் மீட்டரே ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழியாகிவிடும்.

இதே கணினியைப் பற்றிய வேறு சில மதிப்புரைகளில் ஷாக் என்ற பேச்சே இல்லாதது வியப்பளிக்கலாம். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இதே கெப்பாசிட்டர் கசியவிடும் அளவு, 230 வோல்ட் நாடுகளில் கசியவிடுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உணர்வின் எல்லைக்கோட்டில் நிற்கும் ஒன்றுக்கு அந்த வேறுபாடு போதும். மதிப்புரை எழுதுபவர் கணினியைப் பெரும்பாலும் பேட்டரியிலேயே ஓட்டியிருந்தாலும், எர்த் உள்ள வெளித்திரையோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்திருந்தாலும் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. கேபிளின் உலோக உறை வழியாகக் கசிவு திரையின் எர்த்துக்குப் போய்விடும்.

சர்வீஸ் சென்டரில் நடந்ததுதான் இந்த மதிப்புரையில் நான் அதிக மதிப்பெண் குறைத்த பகுதி. கணினியை வாங்கிக்கொண்ட பொறியாளர் அதை மேசை மேல் வைத்து, அங்கேயே எப்போதும் தொங்கிக்கொண்டிருந்த அவர்களுடைய மூன்று பின் சார்ஜரைச் செருகி, ரப்பர் விரிப்பின் மேல் தடித்த காலணியோடு நின்றபடி உள்ளங்கையை முழுதாகப் பதித்து, "ஒன்றும் தெரியவில்லையே சார்" என்றார். குறையை மறைப்பதற்கென்றே ஒருவர் ஒரு சோதனையை வகுத்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக அமையாது. என் சார்ஜரைக் கொடுத்து, முழங்கைக்குக் கீழே கையின் உட்புறத்தை விளிம்பில் உரசிப் பார்க்கச் சொன்னபின் அவர் முகம் மாறியது. ஆயினும் அடுத்த வாக்கியம், "மெட்டல் பாடி எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கும்" என்பதாக இருந்தது. அதில் பாதி உண்மை. உலோக உடலோடு எர்த் இல்லாத சார்ஜர் சேரும்போதுதான் இப்படி இருக்கும். அந்த இரண்டாவது பாதியை அவர் சொல்லவில்லை, அல்லது அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பின்னர் மேலதிகாரி ஒருவர் வந்து, மதர்போர்டை மாற்றிப் பார்க்கலாம் என்றார். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும் ஒன்றுக்கு மதர்போர்டை மாற்றுவது வீண் வேலை. பேட்டரியில் ஓடும் கணினிக்குள் வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ள எதுவும் இல்லை. யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் இதன் உள்ளே இறங்குவது 20 வோல்ட் நேர்மின்சாரம் மட்டுமே. எந்தக் கேபிளும் செருகப்படாமல் பேட்டரியில் ஓடும்போது யாருக்காவது சுருக்கென்றால் அது நிலைமின்சாரம்; காற்று வறண்டிருக்கும் நாட்களில் ஒருமுறை பொறி தட்டி உடனே தீர்ந்துவிடும், தொடர்ந்து உறுத்தாது. இதை எடுத்துச் சொல்லி, போர்டை மாற்ற வேண்டாம் என்றும், அதே வாட் அளவில் மூன்று பின் சார்ஜர் ஒன்றைத் தரும்படியும் கேட்டேன். 'உற்பத்திக் குறைபாடு இல்லை' என்று எழுதித் தந்தார்கள்; சார்ஜரைத் தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குறைபாடு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. விலை உயர்ந்த கணினிக்கு எர்த் கம்பி ஒன்றைச் சேர்க்காமல் விட்டது குறைபாடல்ல, தெரிந்தே செய்த தேர்வு. அந்தத் தேர்வின் விளைவை மட்டும் வாங்கியவர் தலையில் கட்டுகிறார்கள்.

புதிதாக வாங்கிய சார்ஜர் அதே நிறுவனத்தின் வேறொரு மாடலுக்காக விற்கப்படுவது. 65 வாட், யுஎஸ்பி-சி. பழையதில் கம்பி செருகும் இடம் எட்டு என்ற எண்ணைப் போன்ற வடிவில் இரண்டு பின்கள் கொண்டது. ஐஇசி 60320 தரநிலையில் அதற்குப் பொருந்தும் கம்பியின் முனைக்கு சி7 என்று பெயர். புதியதில் மூன்று இதழ்களாக விரியும் சி5 முனை. அதைச் செருகிய பிறகு மூடியைத் தடவினால் வெறும் அலுமினியம்தான் தெரிகிறது. அதிர்வும் இல்லை, விளிம்பில் சுருக்கும் இல்லை. நான் எதிர்பாராத வேறு இரண்டு நன்மைகளும் கிடைத்தன. முன்பு சார்ஜ் ஆகும்போது டச்பேடில் சுட்டி அவ்வப்போது தானாகத் துள்ளும், அது நின்றுவிட்டது. ஒலிவாங்கியில் பதிவு செய்யும்போது பின்னணியில் கேட்ட ரீங்காரமும் போய்விட்டது. டச்பேட் விரலின் மிகச் சிறிய மின்தேக்கத்தை அளந்து வேலை செய்வது என்பதால், கணினியின் உடல் முழுதும் மிதக்கும் மின்னழுத்தத்தில் இருக்கும்போது அது தடுமாறுவது இயல்பே. இப்புதிய சார்ஜர் கனமானது, கம்பி விறைப்பானது, பையில் சுருட்டி வைக்கச் சிரமமானது, அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்று பின் இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. சில கம்பிகளில் மூன்றாவது பின் பிளாஸ்டிக்கால் ஆனது. சாக்கெட்டின் மூடியைத் திறப்பதற்காக மட்டுமே அது இருக்கிறது. சில சார்ஜர்களில் எர்த் கம்பி உள்ளே வந்தாலும் கணினிக்குச் செல்லும் எதிர்முனையோடு இணைக்கப்படுவதில்லை. சாக்கெட்டிலிருந்து கழற்றிய நிலையில், பிளக்கின் எர்த் பின்னுக்கும் யுஎஸ்பி-சி முனையின் உலோகக் கூட்டுக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் பார்த்துவிடலாம். சுவரில் உள்ள சாக்கெட்டின் எர்த்தும் உண்மையானதாக இருக்க வேண்டும். அது அறுந்திருந்தால் மூன்று பின் சார்ஜரும் இரண்டு பின் சார்ஜரைப் போலவே உறுத்தும். அதைவிட மோசம், எர்த் அறுந்த ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் பல சாதனங்கள் செருகப்பட்டிருப்பது: ஒவ்வொன்றின் கசிவும் பொதுவான எர்த் கம்பியில் சேர்ந்து, எல்லாம் கணினியைத் தொடும் ஒரே கையின் வழியாக இறங்கப் பார்க்கும். அவற்றில் ஏதேனும் ஒரு சாதனத்தில் உண்மையாகவே ஃபேஸ் உடலில் பட்டுவிட்டால், அந்தப் போர்டில் உள்ள அத்தனை உலோக உடல்களும் உயிரைப் பறிக்கும் நிலைக்கு வந்துவிடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் மலிவான மாற்றிகளைத் தூக்கி எறிந்துவிடுவது நல்லது.

இதற்கென்று பலர் சொல்லும் கைவைத்தியங்களில் சிலவற்றைப் பற்றி என் கருத்து. வினைல் ஒட்டுப்படம் உள்ளங்கைக்கு உதவும், யுஎஸ்பி துளைகளும் திருகாணிகளும் அப்படியேதான் இருக்கும். செருப்பு அணிந்துகொள்வது உண்மையிலேயே பலன் தரும், ஆனால் எர்த் உள்ள வேறு பொருளை மறு கையால் தொடும்போது பலன் போய்விடும். பிளக்கைத் திருப்பிச் செருகுவது சில சார்ஜர்களில் சற்றே குறைக்கும், இதில் குறையவில்லை. கணினியின் திருகாணியிலிருந்து சாக்கெட்டின் எர்த் துளைக்குத் தனியாகக் கம்பி இழுக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பக்கத்துத் துளை ஃபேஸ். சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டிவிடுவது அதைவிடக் கொடியது, ஏனெனில் என்றாவது நியூட்ரல் அறுந்தால் கணினியின் உடலில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்புக் கருவி வீட்டில் இருப்பது அவசியம்தான். ஆனால் இந்தக் கசிவு அதன் கண்ணில் படாத அளவு சிறியது, ஆகவே 'ஆர்சிடி விழவில்லை, எனவே உங்கள் கற்பனை' என்ற வாதம் செல்லாது.

மலிவான போலிச் சார்ஜர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவ்வளவு நேரம் 'ஆபத்தில்லை' என்று நான் எழுதியது அவற்றுக்குப் பொருந்தாது. முறையான ஒய்1 வகைக் கெப்பாசிட்டர் 8,000 வோல்ட் உச்சமுள்ள திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தாங்கும் சோதனைக்கு உட்படுத்தப்படுகிறது; கெட்டுப்போனாலும் பாலம் துண்டிக்கும்படியே கெட வேண்டும் என்ற நோக்கில் அதை வடிவமைக்கிறார்கள். அந்த இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரை வைத்தால் ஒருநாள் அது ஷார்ட் ஆகும்போது, வீட்டு மின்சாரம் தடையின்றிக் கணினியின் உடலுக்கு வந்துவிடும். அதனால்தான் பெட்டியில் வந்த சார்ஜரின் உறுத்தலைத் தவிர்க்க, பெயர் தெரியாத மூன்று பின் சார்ஜரை வாங்குவதை விட உறுத்தலோடு இருப்பதே மேல் என்கிறேன். உணர்வு திடீரென்று முன்பைவிடக் கூடினாலோ, தசை வெட்டி இழுத்தாலோ, சார்ஜரின் உறை விரிசல் விட்டிருந்தாலோ, தீய்ந்த நாற்றம் வந்தாலோ, தண்ணீர் கொட்டிய பிறகு ஷாக் தொடங்கியிருந்தாலோ மேலே உள்ள கணக்குகள் எதுவும் செல்லாது. கணினியைத் தொடாமல், முதலில் சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். சார்ஜரைக் கழற்றியும் ஷாக் நிற்கவில்லை என்றால் குற்றவாளி கணினியோடு இணைந்துள்ள பிரிண்டரோ ஒலிபெருக்கியோ வெளித்திரையோதான். அவற்றை ஒவ்வொன்றாக மின்சாரத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு பின் சார்ஜரிலேயே தொடர்ந்து ஓட்டுபவர்கள் கேபிள்களை இணைக்கும் வரிசையிலும் கவனமாக இருக்கலாம். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி முனைகளில் வெளிக்கூடு முதலில் தொடும்படி அமைக்கப்பட்டிருப்பதால் கவலை குறைவு. 3.5 மில்லிமீட்டர் ஆடியோ பிளக்கில் நுனிதான் முதலில் உள்ளே போகிறது. எர்த் உள்ள ஒலிபெருக்கியோடு அதை இணைக்கும்போது படாரென்று ஒலி எழுவதற்கு இதுவே காரணம். சார்ஜரை அணைத்துவிட்டு இணைத்தால் அந்தச் சத்தம் வராது.

வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கணினியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே சார்ஜரை எடுத்து அதன் அடியில் ஒட்டிய வில்லையைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் அது எர்த்தை நம்பாத இரண்டாம் வகுப்புச் சாதனம். உலோக உடல் கணினியோடு அது வருகிறதென்றால் இங்கே சொன்ன உறுத்தலுக்கு வாய்ப்பு அதிகம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியை அதனோடு விற்கப்படும் சார்ஜரிலேயே செருகச் சொல்லி, வேறெந்தக் கேபிளும் இணைந்திராத நிலையில், மணிக்கட்டின் உட்புறத்தை முன்விளிம்பில் மெல்ல உரசிப் பாருங்கள். உறுத்தினால், சி5 முனையுள்ள சார்ஜரை மாற்றித் தர முடியுமா என்ற பேச்சைப் பில் போடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில், மேலே சொன்ன அந்த ஒரு வரிக் கடிதம்தான்.